15,000 ரூபாய்க்குள் பழைய டூல் டிராலி: எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஆறு வருடம் இன்னொருவர் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது பொள்ளாச்சியில் சொந்தமாக ஒர்க் ஷாப் போடப் போகிறீர்கள். பைக் வேலைதான் அதிகம், அவ்வப்போது கார் வரும். ஸ்பேனர், சாக்கெட் எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒழுங்காக வைக்கத்தான் பெட்டி இல்லை. அதற்கென்று 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள். கோவையில் இரண்டு பழைய பெட்டி பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று ஏழு டிராயர் வைத்த சிவப்பு டிராலி, புதிதாகப் பெயின்ட் அடித்தது, விலை 14,000. இன்னொன்று மூடிப்போன ஒரு மில்லிலிருந்து காயலான் கடைக்கு வந்த பச்சைப் பெட்டி, ஐந்து டிராயர். அங்கங்கே துரு, ஒரு சக்கரம் உடைந்திருக்கிறது, சாவி இல்லை, 8,000 சொல்கிறார்கள். எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் என் மனம் பச்சைப் பெட்டிப் பக்கம்தான் போகிறது. சக்கரம், சாவி, மேல் துரு என்று அதில் நீங்கள் சொன்ன மூன்று குறையும் கடையில் காசு கொடுத்துச் சரிசெய்யக்கூடியவை. சிவப்பு டிராலியைப் பற்றி நீங்கள் நல்லதாகச் சொன்னது பெயின்ட் ஒன்றைத்தான். டூல் பெட்டியில் நாம் பணம் கொடுக்க வேண்டியது இரண்டுக்கு: கோணாத உடம்பு, பாரத்தோடு வழுக்கி ஓடும் டிராயர். இந்த இரண்டும் போய்விட்டால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் சனிக்கிழமை போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே கனமான சாமான்களை ஒரு கோணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். அரை இஞ்ச் சாக்கெட் செட், பெரிய ரிங் ஸ்பேனர்கள், சுத்தியல், பேரிங்கையும் கியரையும் பிடுங்குகிற புல்லர் என்று எல்லாம் சேர்த்துப் பதினைந்து கிலோவாவது இருக்கட்டும். காலி டிராயர் எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் ஓடும். கடைக்காரரும் ஒரு விரலால் தள்ளிக் காட்டி, "பாருங்க, வெண்ணெய் மாதிரி போகுது" என்பார். நீங்கள் அந்தப் பதினைந்து கிலோவை டிராயரில் வைத்து முழுக்க வெளியே இழுங்கள். முன்பக்கம் எவ்வளவு தொங்குகிறது, வழியில் எங்கே சிக்குகிறது, திருப்பித் தள்ளினால் கடைசி வரை போய் உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு டிராயரோடு நிறுத்தாமல் எல்லாவற்றிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் உங்களுடையது.

டிராயரைத் தாங்கி ஓடுவதை ஹார்ட்வேர் கடையில் சேனல் என்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. பழைய பெட்டிகளிலும் மலிவானவற்றிலும் தகடு மேல் தகடு உரசித்தான் ஓடும், நடுவில் குண்டு கிடையாது. ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ் மாதிரி லேசான சாமானுக்கு அது போதும், கொஞ்சம் கிரீஸ் தடவினால் வருடக்கணக்கில் ஓடும். சாக்கெட் செட்டை அதில் வைத்தால் தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது பால் பேரிங் சேனல். 45 மி.மீ. உயரமுள்ள சாதாரணச் சேனல் ஒரு ஜோடி 35 முதல் 45 கிலோ தாங்கும் என்று போட்டுத்தான் விற்கிறார்கள். ஒர்க் ஷாப்புக்கு வேண்டியது இதுதான்.

பால் பேரிங் சேனலில் டிராயர் பாதியில் நின்றால் உடனே சேனல் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். குண்டுகளை வரிசையாகப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய தகட்டுக் கூடு ஒன்று உள்ளே இருக்கிறது. நாளடைவில் அது தன் இடத்தை விட்டு நகர்ந்து முன்னால் போய் முட்டும், டிராயர் அதற்கு மேல் வராது. ஒருமுறை அழுத்தி முழுக்க இழுத்து, அதேபோல் அழுத்தி முழுக்கத் தள்ளினால் கூடு பழைய இடத்துக்கு வந்துவிடும். கரகரவென்று சத்தம் வந்தால் பழைய கிரீஸும் தூசியும் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். மில்லில் இருந்த பெட்டியென்றால் பஞ்சும் கிரீஸும் சேர்ந்து சேனலுக்குள் அப்பிக் கிடக்க வாய்ப்பு உண்டு, பார்க்கவே பயமாக இருக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் எல்லாம் வந்துவிடும். ஆனால் இழுக்கும்போது ஒரே இடத்தில் டக், டக் என்று விரலுக்குத் தெரிகிற மாதிரி இடறினால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழுந்திருக்கிறது, இல்லையென்றால் சில குண்டுகள் உதிர்ந்துவிட்டன. அது கழுவினால் போகாது.

ஒரு டிராயரையாவது கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். முழுக்க வெளியே இழுத்தால் இரண்டு பக்கச் சேனலிலும் கறுப்பு பிளாஸ்டிக்கில் சின்ன நாக்கு ஒன்று தெரியும். பெரும்பாலும் ஒரு பக்கத்து நாக்கை மேலே தூக்க வேண்டும், மறுபக்கத்து நாக்கைக் கீழே அழுத்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து இழுத்தால் டிராயர் கையோடு வரும். இரண்டையும் ஒரே திசையில் அழுத்திப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று சுத்தியலால் தட்டிச் சேனலை வளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றியதும் உள்ளே டார்ச் அடித்து, சேனலை உடம்போடு எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். விலையைத் தீர்மானிப்பதில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஸ்க்ரூ போட்டிருந்தால் கவலையே இல்லை. தச்சர்கள் அலமாரிக்குப் போடுகிற அதே சேனல்தான், 300, 350, 400, 450 என்று 50 மி.மீ. இடைவெளியில் எல்லா நீளத்திலும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், ஜோடி சில நூறு ரூபாய்தான். டிராயருக்கும் உடம்புக்கும் நடுவில் ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். சில டிராலிகளில், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில், சேனலிலேயே கொக்கி வெட்டியிருப்பார்கள். உடம்பில் இருக்கும் வெட்டில் அது மாட்டிக்கொள்ளும். நம் கடைச் சேனல் அதில் நேராகப் பொருந்தாது, துளை போட்டுப் பட்டை வைத்து ஒப்பேற்ற வேண்டும். ஒன்று, இரண்டு என்றால் செய்யலாம். ஏழில் நான்கு அப்படிப் போயிருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது உடம்பு. சாமானோடு லாரியில் ஏற்றி இறக்கும்போது ஒரு மூலை தரையில் இடித்தால் போதும், பெட்டி முழுக்கச் சாய்சதுரமாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. முன்பக்கம் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு டேப் பிடித்து அளந்துவிட்டு, மறு குறுக்கையும் அளங்கள். இரண்டுக்கும் மூன்று மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அளக்காமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்: டிராயர்களுக்கு நடுவில் தெரியும் இடுக்கு ஒரு ஓரத்தில் அகலமாகவும் மறு ஓரத்தில் ஒட்டியும் இருந்தால் பெட்டி கோணியிருக்கிறது.

தகட்டின் தடிமனையும் பாருங்கள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 18 கேஜ் கிட்டத்தட்ட 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. உடம்பு 18 அல்லது 20 இருந்தால் நல்லது, டிராயர் 22 இருந்தாலும் பரவாயில்லை. வெர்னியர் என்ற தடிமன் அளக்கும் கருவியை வைத்து அளக்கும்போது டிராயர் விளிம்பில் அளக்காதீர்கள், அங்கே தகட்டை மடித்திருப்பதால் இரட்டிப்பாகக் காட்டும். உள்ளே மடிக்காத வெட்டு ஓரம் ஏதாவது இருக்கும், அங்கே பிடியுங்கள், பெயின்டின் கனத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். வெர்னியர் இல்லையென்றால் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். டப்பென்று உள்வாங்கி வெளியே வந்தால் அது பாரம் தாங்கும் பெட்டி இல்லை.

புதுப் பெயின்ட் அடித்த பெட்டியைப் பார்த்தால் நான் ஏன் தயங்குகிறேன் என்றால், 2004இல் எனக்கு நடந்தது அப்படி. அப்போதுதான் தனியாகக் கடை போட்டிருந்தேன். நீலப் பெயின்ட் பளபளக்க ஒரு டிராலி கிடைத்தது, 6,000 ரூபாய், கடன் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் அடி டிராயரில் கியர் புல்லரையும் ஒரு சின்ன ஜாக்கையும் வைத்துத் தள்ளினேன், அடித்தகடு அப்படியே கீழே இறங்கிவிட்டது. கவிழ்த்துப் போட்டுச் சுரண்டினால் பெயின்டுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பள்ளம் அடைக்கிற பட்டி, விரல் கனத்துக்கு. பட்டியைப் பெயர்த்தால் உள்ளே தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையில் வந்தது. முன்பு வைத்திருந்தவர் அந்த டிராயரில் பேட்டரி வைத்திருக்கிறார், ஆசிட் சிந்திச் சிந்தித் தகட்டைத் தின்றிருக்கிறது. விற்றவருக்கு அது தெரியும். தெரியாமல் அவ்வளவு பட்டி வைத்திருக்க முடியாது.

அதனால் சிவப்பு டிராலியைப் பார்க்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஸ்பீக்கர் காந்தம்கூடப் போதும். உடம்பு முழுக்க நகர்த்திக்கொண்டே போங்கள். பட்டி வைத்த இடத்தில் பிடி தளரும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டினாலும் தெரியும், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி மொத்தென்று கேட்கும். அப்புறம் செல்போனைப் பெட்டிக்கு அடியில் நீட்டி, ஃபிளாஷ் போட்டு நாலைந்து படம் எடுங்கள். அடிப்பக்கத்துக்கு யாரும் பளபளப்பாகப் பெயின்ட் அடிப்பதில்லை, உண்மை அங்கே இருக்கும்.

துருவிலும் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். கைவைத்தால் காவி நிறத்தில் பொடியாக ஒட்டினால் அது மேல் துரு, உப்புத்தாளுக்கும் துரு தடுக்கிற ரெட் ஆக்ஸைடு பிரைமருக்கும் அடங்கிவிடும். பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அந்தக் கொப்புளத்தை உடைத்து அழுத்துங்கள். அடியில் கெட்டியாக இருந்தால் சரி. முனை உள்ளே இறங்கினாலோ, சேனல் பொருந்தும் இடமும் சக்கரம் பொருந்தும் மூலைகளும் அரித்திருந்தாலோ, 3,000 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் இருந்த பெட்டி என்று தெரிந்தால் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு பொறுமையாகச் செய்யுங்கள்.

சக்கரத்தைப் பற்றி ஒரு கணக்கு. பெட்டி 60 கிலோ, சாமான் 120 கிலோ என்று வையுங்கள், மொத்தம் 180. நான்கு சக்கரம் இருக்கிறதே என்று நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். நம் பட்டறைத் தரை மட்டமாக இருக்காது, எப்போதும் ஒரு சக்கரம் பாரமில்லாமல் நிற்கும். ஆக ஒவ்வொன்றும் 60 கிலோவாவது தாங்க வேண்டும். விட்டம் நாலு இஞ்சுக்குக் குறையாமல், முடிந்தால் அஞ்சு இஞ்ச் போடுங்கள், சின்னச் சக்கரம் சிமென்ட் வெடிப்பில் மாட்டி நிற்கும். சாதாரண ரப்பர் வேண்டாம், ஆயிலும் பெட்ரோலும் பட்டால் ஊதிவிடும். நைலான் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) சக்கரம் வாங்குங்கள். உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் வித்தியாசப்படும், நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கடைக்குப் போகுமுன் சக்கரத் தட்டின் நாலு போல்ட் துளைகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுழலும் சக்கரம் இரண்டும் கைப்பிடிப் பக்கம் வர வேண்டும், அதில் பிரேக் இருக்க வேண்டும்.

சாவி இல்லை என்பது சின்ன விஷயம். பூட்டின் முகத்தில் எண் ஏதாவது பொறித்திருந்தால் சாவி செய்பவர் அதை வைத்தே செய்து கொடுக்கக்கூடும். இல்லாவிட்டால் பூட்டை டிரில் போட்டு எடுத்துவிட்டு, அதே துளைக்கு ஏற்ற கேம் லாக் (சாவியைத் திருப்பினால் பின்னால் நாக்கு சுழலும் சின்னப் பூட்டு) ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஆனால் டிராயர்கள் பூட்டியே இருக்கும் நிலையில் மட்டும் வாங்க வேண்டாம். "வீட்டுக்குப் போய் உடைச்சுக்கோங்க" என்று சொல்வார்கள். திறந்து காட்டிய பிறகுதான் பணம் என்று நில்லுங்கள், சேனலைப் பார்க்காமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்.

டிராயர் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். ஏழு இருக்கிறதா, ஐந்து இருக்கிறதா என்பதைவிட ஆழம் எவ்வளவு என்பது முக்கியம். ஸ்பேனரை ஒரு அடுக்காகப் பரப்பி வைக்க இரண்டு இஞ்ச் உயரம் போதும். ஆழமான டிராயரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துவிட்டு 14ஆம் நம்பரைத் தேடிக் கிளறுவதில் தினமும் எவ்வளவு நேரம் போகிறது என்று உங்களுக்கே தெரியும். சாதாரண அரை இஞ்ச் சாக்கெட் இரண்டு இஞ்சில் நிற்கும், டீப் சாக்கெட் நிற்காது, படுக்க வைக்க வேண்டும். அகலத்துக்கு உங்கள் டார்க் ரெஞ்சை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அரை இஞ்ச் டிரைவ் டார்க் ரெஞ்ச் அரை மீட்டர் நீளத்துக்குப் பக்கத்தில் வரும், அது டிராயரில் குறுக்கே படுக்க வேண்டும். மேலே மூன்று ஆழமில்லாத டிராயர், கீழே இரண்டு ஆழமான டிராயர் என்று பச்சைப் பெட்டி இருந்தால் உங்கள் வேலைக்கு அது கச்சிதம்.

இன்னொன்றையும் சோதியுங்கள். ஒரு டிராயரை இழுத்து வைத்துக்கொண்டு இன்னொன்றை இழுங்கள். சில பெட்டிகளில் இரண்டாவது வராது, அது கோளாறு இல்லை, பெட்டி முன்னால் கவிழாமல் இருக்க வைத்த பூட்டு. அந்த வசதி இல்லாத பெட்டியில் பாரமான மேல் டிராயர்கள் இரண்டை ஒன்றாகத் திறந்தால் பெட்டி ஆள் மேல் சாயும். கடையில் சின்னப் பையன்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டிய விஷயம் இது. கனமானது எப்போதும் கீழே.

பணக் கணக்குக்கு வருவோம். 15,000 முழுவதையும் பெட்டிக்குக் கொடுத்துவிடக் கூடாது. பச்சைப் பெட்டியை 6,500 முதல் 7,000க்குள் பேசி முடிக்கப் பாருங்கள். பொத்தாம்பொதுவாகக் குறைத்துக் கேட்காமல் சக்கரம் இவ்வளவு, பூட்டு இவ்வளவு, சேனல் இத்தனை ஜோடி என்று எழுதிக் காட்டிக் கேளுங்கள், அதற்கு மறுபேச்சு குறைவு. சரிசெய்ய 3,500, வண்டி வாடகைக்கும் கூலிக்கும் 1,500 ஒதுக்குங்கள். மீதி 3,000க்கு டிராயரில் விரிக்க ரப்பர் மேட்டும், கையில் தூக்கிப் போகிற மூன்று தட்டுப் பெட்டி ஒன்றும் வாங்கிவிடலாம். ரோட்டில் வண்டி நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் டிராலியை உருட்டிக்கொண்டு போக முடியாது, அந்தக் கைப்பெட்டி கட்டாயம் வேண்டும். ஒருவேளை இரண்டு பெட்டியும் தேறாவிட்டால் அவசரப்படாதீர்கள். பழைய ஆபீஸ் ஃபைல் கேபினட் நாலு டிராயரோடு மலிவாகக் கிடைக்கும், நல்ல தடித்த தகடு. ஸ்பேனருக்கு அது ஆழம் அதிகம், கிரைண்டர், டிரில், புல்லர், ஸ்பேர் சாமான் வைக்க நன்றாக உதவும். சுவரோடு போல்ட் அடித்துவிட்டு, நல்ல டிராலி கிடைக்கும்வரை ஆறு மாதம் ஓட்டலாம்.

வாங்கும்போது வெள்ளைத்தாளிலாவது விற்பவர் பெயர், தேதி, தொகை எழுதி ஒரு கையெழுத்து வாங்குங்கள், பணத்தை ஜிபேயில் போடுங்கள். மில் பெட்டியில் சொத்து எண் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் தாளில் குறித்து, எப்படிக் கைக்கு வந்தது என்று கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவில் குற்றம். ஏலத்தில் எடுத்தவர் என்றால் காகிதம் வைத்திருப்பார், காட்டத் தயங்க மாட்டார்.

ஏற்றும்போது எல்லா டிராயரையும் கழற்றி, பின்பக்கம் சாக்பீஸால் 1, 2, 3 என்று எண் போட்டுத் தனியாக அடுக்குங்கள். ஒரே அளவாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்தான் பழகியிருக்கும். குட்டி யானையில் பெட்டியை நிறுத்தி வைத்தே கட்டுங்கள், படுக்க வைக்க வேண்டாம், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சேனலைக் கழுவிக் காயவைத்து லேசாக ஆயில் விட்ட பிறகே மாட்டுங்கள். துருவைத் தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடித்து, அது நன்றாகக் காய்ந்த மறுநாள் எனாமல் அடிக்கலாம். டிராயரில் சாக்கு, பழைய கார்பெட், செய்தித்தாள் எதையும் விரிக்காதீர்கள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஸ்பேனரையும் தகட்டையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும்.

சனிக்கிழமை அடிப்பக்கப் படங்களையும், சேனல் உடம்பில் மாட்டியிருக்கும் இடத்தைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படத்தையும் அனுப்புங்கள். இரண்டு குறுக்களவையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.